தோட்டத்து நீர்ப்பாசனம்: குறியைப் பார்த்துக் குறையைப் பிடிப்பது

தண்ணீர் குறைந்தால் முதலில் திட்டு வாங்குவது பம்ப்தான். பெரும்பாலும் குறை அதில் இருப்பதில்லை. கிணற்றில், உறிஞ்சு குழாயில், வயரில், வடிகட்டியில் இருக்கும். புதுப் பம்ப் வாங்கிப் பூட்டிய பிறகும் அதே குறை தொடருவதற்குக் காரணம் இதுதான். கீழே உள்ளவை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கால் ஏக்கர் முதல் ஒரு ஏக்கர் வரையான மேட்டுநிலத் தோட்டங்களுக்கு எழுதப்பட்டவை. உங்கள் தோட்டத்தில் தெரிகிற குறியைத் தேடி நேரே அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவானது கடைசியில் வரும்.

எதற்கும் முன்: ஒரு அளவு எடுத்து எழுதுங்கள்

தேவையானவை: 200 லீற்றர் பரல் ஒன்று, 20 லீற்றர் வாளி ஒன்று, செக்கன் காட்டும் கைத்தொலைபேசி, முடிச்சுப் போட்ட கயிறு, ஒரே அளவான பால்மா டின்கள், மருந்துக் கடையில் விற்கும் மில்லிலீற்றர் கோடு போட்ட குவளை.

2 அங்குல எஞ்சின் பம்புக்கு வாளி சரிவராது, இரண்டு மூன்று செக்கனில் நிரம்பி வழிந்துவிடும். பரலை வையுங்கள். 200 லீற்றர் 30 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 400 லீற்றர். 1 குதிரைவலு மின்பம்புக்கு வாளி போதும்: 12 செக்கனில் 20 லீற்றர் நிரம்பினால் நிமிடத்துக்கு 100 லீற்றர். பம்பின் தகட்டில் எழுதியிருக்கும் எண் உயரமே இல்லாமல் இறைத்தால் கிடைக்கும் அளவு. அதோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

பம்ப் நன்றாக ஓடும் காலத்தில் இந்த அளவையும், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்பதையும், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு எண்ணெய் முடிகிறது என்பதையும் பம்ப் கொட்டில் சுவரில் எழுதி வையுங்கள். மாரி முடிந்த கையோடு ஒரு தடவை, சிறுபோக நடுவில் ஒரு தடவை. பழைய அளவு இல்லாதவர் குறைந்துவிட்டது என்று சொல்வது வெறும் ஊகம்தான்.

குறி 1: மெசின் ஓடுது, தண்ணி ஏறுதில்ல

*பம்பின் வயிற்றில் தண்ணீர் இருக்கிறதா?* ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். நிரம்ப ஊற்றி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் பூட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடி நுனியில், தண்ணீரைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் வால்வு) பிடிக்கவில்லை. அதை வெளியே எடுத்தால் பெரும்பாலும் ஒரு சருகோ, சிறு கல்லோ, கிழிந்த வாசரோதான் இருக்கும். கழுவிப் பூட்டுவதற்குக் காசில்லை.

*பூட் வால்வு எங்கே நிற்கிறது?* நீர்மட்டத்துக்குக் குறைந்தது அரை மீற்றர் கீழே, கிணற்றின் அடியிலிருந்து குறைந்தது ஒரு அடி மேலே நிற்க வேண்டும். மேலே நின்றால் சுழி விழுந்து காற்றை இழுக்கும், அடியில் நின்றால் மணலை இழுக்கும்.

*எங்கே காற்று போகிறது?* மட்டம் இறங்கவில்லை, ஆனாலும் ஏறவில்லை என்றால் உறிஞ்சு பக்கத்தில் காற்றுக் கசிவு. இந்தப் பக்கத்தில் தண்ணீர் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் ஏறி நின்றுவிடுகிற பம்பாக இருந்தால், வெளியே விடும் ஓஸின் நுனியைப் பரல் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் குமிழி வந்துகொண்டே இருந்தால் கசிவு நிச்சயம். பிறகு, பம்ப் ஓடும்போதே ஒவ்வொரு மூட்டின் மேலும் ஒரு குவளை தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டு போங்கள். எந்த மூட்டில் ஊற்றும்போது பம்பின் சத்தம் மாறுகிறதோ, குமிழி ஒரு கணம் நிற்கிறதோ, அதுதான் இடம். கிளிப்பை இறுக்குங்கள், புரியில் வெள்ளை டேப்பைப் புதிதாகச் சுற்றுங்கள், ஊற்றும் மூடியின் ரப்பர் வாசரை மாற்றுங்கள். அந்த வாசர் காய்ந்து வெடித்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

*உறிஞ்சு ஓஸ் சப்புகிறதா?* வெயிலில் கிடந்து இளகிய ஓஸ் ஓடும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும். வளைவில் கை வைத்துப் பார்த்தால் தெரியும். கம்பிச் சுருள் உள்ள ஓஸ் வாங்க வேண்டும். அளவு பம்பின் வாயைவிடச் சிறிதாக இருக்கவே கூடாது.

*உயரம் எவ்வளவு?* நீர்மட்டத்திலிருந்து பம்ப் வரை நிமிர்ந்த உயரத்தைக் கயிற்றால் அளவுங்கள். 6 மீற்றரைத் தாண்டினால் எந்தக் கம்பனிப் பம்பாக இருந்தாலும் திணறும், 7க்கு மேல் நம்ப முடியாது. பம்பைக் கீழே இறக்குவதுதான் வழி. ஆனால் எஞ்சின் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள், ஓடி நின்ற பிறகும் உடனே உள்ளே இறங்காதீர்கள். புகை கிணற்றுக்குள் தங்கி நிற்கும், மணம் தெரியாமலே ஆளை விழுத்தும். பக்கத்தில் மேடை வெட்டி இறக்க இடமில்லை என்றால் நீரில் அமிழும் மின்பம்புக்கு மாறுங்கள். அதற்கு மின்வினைஞர் வேண்டும்.

குறி 2: ஏறுது, ஆனா முந்தியைப்போல இல்ல

முதலில் பம்பையும் குழாய் வழியையும் பிரித்து அளவுங்கள். விடு ஓஸைக் கழற்றி, பம்பின் வாயிலேயே பரலை நிரப்பி நேரம் எடுங்கள். பிறகு ஓஸைப் பூட்டி, பாத்தியில் கடைசி நுனியில் அளவெடுங்கள். இந்த இரண்டு எண்ணும் பாதி வேலையை முடித்துவிடும்.

2அ: பம்பின் வாயில் நன்றாக வருகிறது, நுனியில் குறைவு

குழாய் வழியை நடந்து பாருங்கள். மடிப்பு, நாய் கடித்த ஓட்டை, வண்டில் ஏறி நசுங்கிய இடம், பாதி திறந்த வால்வு. இவை இல்லையென்றால் குழாய் சிறிது. 2 அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 400 லீற்றரை 100 மீற்றர் தூரம் தள்ளுவது, அதே தண்ணீரை 20 மீற்றருக்கு மேல் உயர்த்துவதற்குச் சமமான பாரம். பிரதான வழியை 3 அங்குலத்துக்கு மாற்றினால் அந்தப் பாரம் ஏழில் ஒரு பங்காகக் குறையும். பெரிய பம்ப் வாங்க வைத்திருக்கும் காசைக் குழாயில் போடுங்கள். ஒரு தடவைதான் செலவு, எண்ணெய்ச் செலவோ ஒவ்வொரு நாளும்.

2ஆ: பம்பின் வாயிலேயே குறைவு

கிணற்றில் நீர்மட்டம் போன அளவெடுப்பைவிட இறங்கியிருக்கிறதா பாருங்கள். இரண்டு மீற்றர் இறங்கினாலே இறைப்புக் குறைவது இயல்பு, அது பழுதல்ல. மட்டம் அதேதான் என்றால் பூட் வால்வின் சல்லடை (பாசி, தேங்காய்த் தும்பு), குறி 1இல் சொன்ன காற்றுக் கசிவு, எஞ்சினின் காற்று வடிகட்டி, பிளக் என்ற வரிசையில் போங்கள். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் மெசினை நிறுத்துவதற்கு முன் கடைசி இரண்டு நிமிடம் பெற்றோலில் ஓட விடாவிட்டால் பிளக் கரி பிடித்து வலு இறங்கும்.

இவ்வளவும் சரி என்றால் இம்பெலர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கும். எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம்) மணலில் மணலோடு தண்ணீர் இறைக்கிற பம்புக்கு இது கட்டாயம் வரும். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்ணீர் சொட்டினால் வாட்டர் சீல் போய்விட்டது. அதை விட்டுவிட்டு ஓட்டினால் தண்ணீர் பேரிங் பக்கம் போய்ச் செலவு பல மடங்காகும். இந்த இரண்டுக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். புது இம்பெலர் போட்டபின் மணல் வரும் காரணத்தைத் தீர்க்காவிட்டால் அடுத்த போகத்திலும் அவரிடம் போவீர்கள்.

குறி 3: நல்லா வந்து, கொஞ்ச நேரத்தில கிணறு வத்துது

பம்ப் நல்லது, கிணறு தாங்கவில்லை. கணக்கு எளிது. உள்விட்டம் ஒன்றரை மீற்றர் உள்ள சீமெந்துக் கொட்டு (வளையம்) இறக்கிய கிணற்றில், ஒரு மீற்றர் உயரத் தண்ணீர் என்பது ஏறக்குறைய 1,770 லீற்றர். இரண்டு மீற்றர் தண்ணீர் நின்றால் 3,500. நிமிடத்துக்கு 400 இறைக்கும் பம்ப் அதை ஒன்பது பத்து நிமிடத்தில் முடித்துவிடும்.

ஊற்றை அளவுங்கள். ஒரு மீற்றர் இறங்கும்வரை இறைத்து நிறுத்திவிட்டு, கயிற்றில் பத்து நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். மேலே சொன்ன கிணற்றில் 30 சென்ரிமீற்றர் ஏறினால் பத்து நிமிடத்தில் 530 லீற்றர், அதாவது நிமிடத்துக்கு 53 லீற்றர். இந்தக் கிணற்றுக்கு 2 அங்குல எஞ்சின் பொருத்தமே இல்லை. சிறிய மின்பம்ப் பூட்டி, நிமிடத்துக்கு 50 லீற்றருக்குக் குறைவாகத் தொட்டியில் ஏற்றி, தொட்டியிலிருந்து பாய்ச்சுவது சரிவரும். பத்து மணி நேரத்தில் 30,000 லீற்றர் கிடைக்கும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் (யூன் முதல் ஓகஸ்ட் வரை) ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் நீர் கேட்கும் கால் ஏக்கருக்கு நிகரமாக வேண்டியது 5,000 லீற்றர்தான்.

ஊற்று முன்பைவிடக் குறைந்திருந்தால் கிணற்றின் அடியைப் பாருங்கள். சேறும் மணலும் படிந்திருந்தால் சிறுபோகக் கடைசியில், நீர் மிகக் குறைந்த நேரத்தில், துப்புரவாக்குங்கள். அடியில் முக்கால் அங்குலக் கல்லை ஒரு அடி கனத்துக்குப் பரப்பினால் மணல் எழும்புவதும் அடங்கும். கொட்டைக் கீழே இறக்குவது, புதிதாகக் குழாய்க்கிணறு போடுவது எல்லாம் தொழில் தெரிந்தவரின் வேலை. மணல் சரிந்து கொட்டு சாயும், ஆள் உள்ளே மாட்டுவார். கடலோ வாவியோ பக்கத்தில் இருந்தால் ஆழமாக்குவதற்கு முன் குறி 7ஐ வாசியுங்கள்.

குறி 4: மோட்டார் உறுமுது, சுத்துதில்ல

உடனே நிறுத்துங்கள். உறுமும் மோட்டார் சில நிமிடத்தில் எரிந்துவிடும்.

மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் இம்பெலரில் துரு பிடித்திருக்கிறது அல்லது கல் சிக்கியிருக்கிறது. மாரி முழுக்க ஓடாமல் கிடந்த பம்ப் என்றால் முதல் சந்தேகம் இதுதான்.

சுலபமாகச் சுற்றினால் வயரைப் பாருங்கள். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயரை 100 மீற்றர் இழுத்திருப்பது இங்கே சர்வசாதாரணம். ஓடும்போது 1 குதிரைவலு மோட்டாருக்கு அதில் 14 வோல்ட் அளவுதான் குறையும். தொடங்கும் கணத்திலோ மோட்டார் ஐந்து மடங்கு மின்சாரம் இழுக்கும். அப்போது 70 வோல்ட் வரை வழியிலேயே போய்விடும். 230 வோல்ட் 160 ஆகிவிட்டால் அது எப்படிச் சுற்றும்? 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் பலருக்கு இந்தக் குறை அன்றே தீரும்.

வீட்டு மின்விளக்கே மங்கலாக எரிகிற பொழுதில் மட்டும் உறுமினால் வயரில் பிழையில்லை, லைனில் குறைவு. விடிய நாலு மணிக்கு ஓட்டிப் பாருங்கள். எந்த நேரமும் உறுமினால், மோட்டாரைச் சுற்றத் தொடங்கவைக்கும் கப்பாசிட்டர் பழுது. விலை குறைந்த சாமான்தான், ஆனால் இணைப்பைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் நிற்கும். அதை மின்வினைஞர் மாற்றட்டும். பம்பைத் தொட்டால் கை சுரீர் என்றால், ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால், சோதனை ஒன்றும் வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

குறி 5: சொட்டுக்குழாய்: சில செடி செழிப்பு, சில செடி வாட்டம்

செடியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பதினாறு டின் வைத்து அளவுங்கள். நான்கு குழாய்களைத் தெரிவுசெய்யுங்கள்: முதலாவது, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒன்று, மூன்றில் இரண்டு பங்கில் ஒன்று, கடைசி. ஒவ்வொன்றிலும் தலைப்பு, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, நுனி என நான்கு சொட்டிகளுக்குக் கீழே மண்ணைத் தோண்டி டின்னைப் பதியுங்கள். மூன்று நிமிடம் பிடியுங்கள். மணிக்கு 2 லீற்றர் என்று விற்ற சொட்டி மூன்று நிமிடத்தில் 100 மில்லிலீற்றர் தர வேண்டும்.

பதினாறின் சராசரியை எடுங்கள். மிகக் குறைந்த நான்கின் சராசரியை எடுத்து, அதை முழுச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். முழுச் சராசரி 92, மிகக் குறைந்த நான்கின் சராசரி 60 என்றால் விடை 65. 90க்கு மேல் மிக நன்று, 80க்கு மேல் நன்று, 70க்குக் கீழே என்றால் திருத்தாமல் பாய்ச்சுவது வீண். ஒரு செடிக்குப் போதுமாக விட்டால் இன்னொரு செடிக்கு இரட்டிப்பாகப் போய்ப் பசளையையும் கழுவிக்கொண்டு போகும்.

எண்ணைவிட, குறைவு எங்கே விழுந்திருக்கிறது என்பது முக்கியம்:

— பதினாறும் ஒரேயளவாகக் குறைவு: அழுத்தம் போதாது. வடிகட்டியைக் கழுவி மறுபடி அளவுங்கள். தொட்டியில் இருந்து விடுபவருக்கு வேறு கணக்கு: 2 மீற்றர் உயரத் தொட்டி தருவது 0.2 பார். சாதாரணச் சொட்டிக்கு வேண்டியது 1 பார். பாதிக்கும் குறைவாகத்தான் சொட்டும். நேரத்தைக் கூட்டுங்கள், குழாய்களை 15 மீற்றருக்குள் வையுங்கள்.

— எல்லாக் குழாயிலும் நுனியில் குறைவு: குழாய் நீளம் கூடிவிட்டது. 16 மில்லிமீற்றர் குழாயில், ஒரு அடிக்கு ஒரு சொட்டி என்றால், 50 மீற்றரைத் தாண்டாதீர்கள். தாண்டியிருந்தால் பிரதான குழாயை நடுவில் கொண்டுவந்து இரு பக்கமும் பிரியுங்கள்.

— ஒரு குழாய் முழுவதும் குறைவு: அந்தக் குழாய் தொடங்கும் மூட்டில் மடிப்பு, அல்லது எங்கோ அணில் கடித்த ஓட்டை.

— ஒழுங்கில்லாமல் அங்கொன்று இங்கொன்று குறைவு: அடைப்பு. கீழே தொடருங்கள்.

அடைப்பு என்றால் குழாயின் நுனியைத் திறந்து, முதலில் வரும் தண்ணீரை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். மணல் நின்றால் வடிகட்டியின் வலை கிழிந்திருக்கிறது, 120 மெஷ் வலை போடுங்கள். வழுவழுப்பான பச்சை என்றால் பாசி. தொட்டியை மூடுங்கள், வெளிச்சம் போகவே கூடாது. செங்காவிச் சேறு என்றால் தண்ணீரில் இரும்பு. கிணற்றிலிருந்து நேரே குழாய்க்கு விடாமல், உயரத்திலிருந்து தொட்டியில் விழ விட்டு, ஒரு இரவு தெளிய வைத்து, அடியிலிருந்து ஒரு சாண் மேலே எடுத்து வடிகட்டி விடுங்கள்.

பாசிக்கும் வழுவழுப்புக்கும் குளோரின் தூள் உதவும். 1,000 லீற்றருக்கு 30 கிராம் தூளை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் சேருங்கள். அதை மாலையில் குழாய்களுக்குள் நிரப்பி, இரவு நிற்க விட்டு, காலையில் நுனிகளைத் திறந்து கழுவி விடுங்கள். இரும்புத் தண்ணீரில் இதைக் குழாய்க்குள் செய்தால் இரும்பு அங்கேயே படிந்து அடைப்புக் கூடும். அப்படியானால் தொட்டியிலேயே போட்டுப் படிய வையுங்கள். அசிட் விட்டுக் கழுவுவதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். அசிட்டும் குளோரினும் சேர்ந்தால் எழும் புகை ஆளைக் கொல்லும்.

அடைப்பு இல்லாத காலத்திலும் கிழமைக்கு ஒரு தடவை நுனிகளைத் திறந்து, தெளிந்து வரும்வரை விடுங்கள். இரண்டிரண்டு குழாயாகத் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்தால் அழுக்கைத் தள்ளும் வேகம் இருக்காது.

குறி 6: தூவல் பாசனம்: ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் புழுதி

யூன், யூலை, ஓகஸ்ட் மாதங்களில் என்றால் முதல் குற்றவாளி கச்சான் காற்று. பகல் பத்து மணிக்குப் பிறகு விடுகிற தண்ணீரில் பங்கு போடுவது பக்கத்துக் காணிதான். விடியற்காலையில் ஓட்டிப் பாருங்கள். தீர்ந்துவிட்டால் வேறெதையும் தொடாதீர்கள்.

தீரவில்லை என்றால் நேர்ச்சுவருள்ள டின்களை நான்கு தூவிகளுக்கு நடுவே 3 மீற்றருக்கு ஒன்றாக வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளவுங்கள். ஒரு மில்லிமீற்றர் என்றால் சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். கூடிய டின்னில் 12, குறைந்த டின்னில் 4 என்றால் தூவிகள் தூரம். ஒரு தூவியின் வீச்சு அடுத்த தூவியின் காலடிவரை எட்ட வேண்டும். இடைவெளி சரியாக இருந்தும் தண்ணீர் தூரப் போகாமல் பெரிய தாரையாக விழுந்தால் அழுத்தம் குறைவு: ஒரே நேரத்தில் ஓடும் தூவிகளைக் குறையுங்கள். பனிபோலப் புகைந்தால் அழுத்தம் கூட. வாய் தேய்ந்த தூவியை அதன் துளைக்குப் பொருந்தும் புதுத் துளையிடு கம்பியை நுழைத்துப் பார்த்தால் தெரியும்; லொடலொட என்று ஆடினால் மாற்றுங்கள்.

குறி 7: தண்ணி போதும், ஆனா இலை நுனி கருகுது

கரையோரத் தோட்டங்களில், முக்கியமாக வாவிக்கும் கடலுக்கும் நடுவே, திருக்கோவில், தம்பிலுவில் பக்கத்திலும், உப்பைச் சந்தேகியுங்கள். பேனா போன்ற சிறிய மின்கடத்துதிறன் மானியை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இறைக்கத் தொடங்கியதும் ஒரு போத்தல், அரை மணி நேரம் கழித்து ஒரு போத்தல் பிடியுங்கள். அளவு மீற்றருக்கு டெசிசீமனில்: 0.7க்குக் கீழே எதற்கும் பயமில்லை. வெங்காயம் 0.8க்கு மேலும், மிளகாய் 1க்கு மேலும் விளைச்சல் குறையத் தொடங்கும். நிலக்கடலை 2 வரை தாங்கும். 3ஐத் தாண்டிய தண்ணீரைத் தோட்டத்துக்கு விடாதீர்கள்.

இரண்டாவது போத்தல் முதலாவதைவிட உப்பாக இருந்தால், அடியில் நிற்கும் உப்புத் தண்ணீரை நீங்களே மேலே இழுக்கிறீர்கள். பூட் வால்வை மேலே தூக்கி, மிதவையில் கட்டி, மேல்நீரை மட்டும் எடுங்கள். பாதி வேகத்தில், இருபது நிமிடம் ஓட்டி ஒரு மணி நேரம் விட்டு ஓட்டுங்கள். கிணற்றை ஆழமாக்க வேண்டாம். அது உப்பை அழைப்பது. இரண்டு போத்தலும் ஒரேயளவு உப்பு என்றால் இறைப்பு முறையை மாற்றிப் பயனில்லை. வேறு நீர், அல்லது தாங்கும் பயிர். புதுக்கிணறு வெட்ட நினைத்தால் இடம் தெரிவுசெய்ய முன் நீர்வளச் சபையிடம் கேளுங்கள்.

குறி 8: ஒவ்வொரு நாளும் பாய்ச்சுறம், பயிர் மஞ்சளடிக்குது

பாய்ச்சி அரை மணி நேரம் கழித்து மண்வெட்டியால் ஒன்றரை அடி வெட்டுங்கள். அந்த ஆழத்திலும் மணல் சொதசொத என்றிருந்தால் தண்ணீரும் யூரியாவும் வேரைத் தாண்டிப் போய்விட்டன. எழுவான்கரை மணல், ஒரு அடி ஆழத்தில் பயிருக்குப் பிடித்து வைக்கும் நீர் 20 முதல் 30 மில்லிமீற்றர்தான். அதில் பாதி குறைந்ததும் விட வேண்டும். அதாவது ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிமீற்றர், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை. வெங்காயத்துக்கு வேர் மேலே நிற்பதால் குறைவாக, அடிக்கடி. 20 அடிக்கு 4 அடிப் பாத்தி ஒன்றுக்கு 10 மில்லிமீற்றர் என்பது 75 லீற்றர். நிமிடத்துக்கு 400 லீற்றர் வரும் ஓஸை அதில் பிடித்தால் பதினொரு செக்கன். பீடி பற்றவைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் நிலத்தடிக்கு.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் மண் இறுக்கமானது. அங்கே அதே ஆழத்தில் வெட்டும்போது மேல் நாலு அங்குலம் மட்டும் ஈரமாகவும் கீழே காய்ந்தும் இருந்தால் கதை எதிர்மாறு: தண்ணீர் ஓடிப்போகிறது, இறங்கவில்லை. ஓஸின் நுனியை இரண்டாகப் பிரித்து மெதுவாக, நீண்ட நேரம் விடுங்கள். வெட்டிய இடம் சாம்பல் நிறமாகவும் அழுகல் மணமாகவும் இருந்தால் வேருக்குக் காற்றில்லை; வடிகால் வெட்டாமல் பாய்ச்சலை மாற்றிப் பயனில்லை. வடிகாலும் வெட்டி, பத்து நாளாகியும் புதுத் துளிர் மஞ்சளாகவே வந்தால் அது நீர்ப்பாசனப் பிரச்சினை அல்ல. ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள்.